விரிசலுக்கு ஓர் இடம்

ஆகஸ்ட் 4, திங்கள்

மாவு மில் தெருவில் துளைக்கருவியை வைத்து ரோட்டைக் கொஞ்சம் வெளியே எடுத்துப் பார்த்தோம். உருளையாக, முழுசாக வந்தது. தார், ஜல்லி, மறுபடி தார், மறுபடி ஜல்லி. பழையதைச் சுரண்டாமல் ஒவ்வொரு தடவையும் அதன் தலையிலேயே போட்டுக்கொண்டு போயிருக்கிறார்கள். மேஸ்திரி மாரப்பன் ஒவ்வோர் அடுக்காகத் தொட்டு, "இது எலெக்சன் தாருங், இது மந்திரி வந்தப்பப் போட்ட தாருங், இது எதுக்குப் போட்டாங்கன்னே தெரியலீங்" என்றார். சிரித்துவிட்டேன். இந்த ஊருக்கு வந்த பிறகு சத்தமாகச் சிரித்தது இன்றுதான் என்று நினைக்கிறேன்.

இந்தத் தார் ரோட்டின் மேல் கான்கிரீட் போடுவதுதான் என் வேலை. நகராட்சிக்கு இது வெள்ளோட்டம். இந்த ஒரு தெரு விரிசல் விடாமல் நின்றால் மற்ற தெருக்களுக்கும் இதே முறை. விரிசல் விட்டால் என்ன செய்வீர்கள் என்று செயற்பொறியாளரிடம் கேட்டேன். "மேலேயே ஒரு கோட் தார் அடிச்சு மூடிட்டுப் போயிட்டே இருப்போம்மா" என்றார். அவ்வளவு சுலபமாகச் சொல்கிறார்.

தார் வெயிலுக்கு இளகும், கான்கிரீட் இளகாது. இரண்டையும் ஒட்ட வைத்து ஒன்றாக நடமாட விட வேண்டும். எப்படி ஒத்துப்போகும் என்று படித்த நாளிலிருந்து எனக்கு இதில் ஒரு பைத்தியம்.

ஆகஸ்ட் 6, புதன்

நான் தங்கியிருப்பது மில்லுக்கு மேலே உள்ள அறை. மில்லும் வீடும் தெய்வானை அக்காவுடையவை. கணவர் இறந்து பல வருஷம் ஆகிறது. மகள் தாரணி ஜவுளிக் கம்பெனி ஒன்றில் கணக்கு எழுதுகிறாள். அவளுக்கு ஐப்பசியில் கல்யாணம்.

தெருவிலிருந்து இவர்கள் வீட்டுக்குள் போக இரண்டு படி இறங்க வேண்டும். கட்டும்போது இரண்டு படி ஏறுகிற வீடாக இருந்ததாம். வீடு இறங்கவில்லை, ரோடுதான் ஏறியிருக்கிறது. மழை பெய்தால் தெருத் தண்ணீர் முழுதும் உள்ளே வருகிறது.

அக்கா இன்று என் அளவு டேப்பையே பார்த்துக்கொண்டு நின்றார். "ஏனுங் அம்மிணி, இந்தத் தார் அத்தனையையும் வழிச்சு எடுத்துருவீங்ளா?"

"எல்லாத்தையும் எடுக்க முடியாதுக்கா. அடியில கொஞ்சம் இருந்தாத்தான் மேல போடறது தாங்கும்."

"இன்னுங் கொஞ்சம் கீழ போகக் கூடாதுங்ளா? ஒரு சாண்?"

ஒரு சாண் போனால் அடியில் தார் மெலிந்துவிடும். மெலிந்தால் மேலே உடையும். கணக்குப் போட்டுக் காட்டினேன். போட்டு முடித்ததும் ரோடு இப்போது இருப்பதைவிட நாலு விரல் தாழ்ந்திருக்கும் என்றேன். அவர் தன் கையை நீட்டி நாலு விரலை மடக்கிப் பார்த்துக்கொண்டார். அது போதுமா என்பது அவர் முகத்தில் தெரியவில்லை.

"உங்க ஊட்டுக்காரரு எங்க இருக்காருங்?" என்று போகும்போது கேட்டார். பிடி கொடுக்காமல் தலையை மட்டும் ஆட்டினேன். அதற்கு மேல் அவர் கேட்கவில்லை.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

கீழே பேச்சு பலமாக இருந்தது. காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன் என்று ஒப்புக்கொள்கிறேன்.

வந்தவர் அக்காவின் கொழுந்தனார் நாச்சிமுத்து. அண்ணியை இந்தப் பக்கம் "நங்கையா" என்று கூப்பிடுகிறார்கள். எங்கள் நாகர்கோவிலில் கேட்டிராத சொல், இரண்டு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டேன். ஆனால் அவர் பேசியது அவ்வளவு இனிப்பாக இல்லை.

"நங்கையா, கோவிச்சுக்காதீங். இந்தக் குழிக்குள்ள மாப்ள ஊட்டுக்காரங்களைக் கூட்டியாந்து எங்க நிறுத்தறது? மழை வந்தா பலகாரம் மெதக்கும். முகூர்த்தக்கால் நடறதுக்கு வாசல்ல ஒரு சாண் மண்ணு இருக்குதுங்ளா? எங்கூட்டுல நடலாம். புள்ள அங்கிருந்தே பொறப்படட்டும்."

"அவங்கப்பா கட்டுன ஊடு இது. அவ இங்கிருந்துதான் போவா" என்றார் அக்கா.

"நட எடம் காட்டுங், நான் ஏன் வேண்டாங்கறேன்" என்றுவிட்டு அவர் வண்டியை எடுத்துக்கொண்டு போனார்.

பிறகு மில் ஓடும் சத்தம். அரைக்க ஒன்றும் இல்லாமலே ஓடியது போல இருந்தது.

ஆகஸ்ட் 20, புதன்

சுரண்டும் இயந்திரம் வந்து தெருவே புழுதி. பழைய தாரில் இருந்த வெடிப்புகளையெல்லாம் சாக்கட்டியால் குறித்தேன், அங்கங்கே யாரோ குத்தியிருந்த கடப்பாரை ஓட்டைகளையும். அவற்றை அடைக்காமல் மேலே போட்டால் கீழே உள்ள வெடிப்பு அதே கோட்டில் மேலே எட்டிப் பார்க்கும். அடைத்தோம். அகலமானவற்றின் மேல், புதிது ஒட்டாமல் இருக்கத் தாள் விரித்தோம்.

ஆகஸ்ட் 27, புதன்

விநாயகர் சதுர்த்தி. ஆட்கள் யாரும் வரவில்லை. தெரு சுரண்டிய கோலத்தில் கிடக்கிறது, நாளை விடியலில் கான்கிரீட்.

அக்கா கொழுக்கட்டை கொடுத்துவிட்டு, "நோம்பி நாளுங்க, கோயிலுக்காவது போயிட்டு வாங், சும்மா அறைக்குள்ளயே கெடக்கறீங்" என்று கிட்டத்தட்டத் துரத்தினார். போனேன். திரும்பி வரும்போது மில் பக்கம் கடப்பாரைச் சத்தம். பண்டிகையன்றுகூட மில் கல்லைக் கொத்திக்கொண்டிருக்கிறார்கள். உழைப்பாளிகள்.

ஆகஸ்ட் 28, வியாழன்

போட்டாகிவிட்டது.

காற்றடித்துப் புழுதியை ஊதினோம். புழுதியின் மேல் போட்டால் ஒட்டாது, ஒட்டாத கான்கிரீட் தனியாக ஆடி உடையும். தார் நேற்றைய வெயிலை இன்னும் வைத்துக்கொண்டிருந்தது. அப்படியே கொட்டினால் கான்கிரீட்டின் அடிப்பக்கம் அவசரமாக இறுகும். அதனால் நனைத்து, தேங்கிய தண்ணீரைத் துடைத்து, பிறகே கொட்டினோம். நான் கலவை லாரியின் பின்னாலேயே இருந்தேன். ஒவ்வொரு லாரியிலும் கலவை இளகலாக வருகிறதா, விறைப்பாக வருகிறதா என்று பார்ப்பதிலேயே காலை போய்விட்டது. பரப்புவதையும் துடைப்பத்தால் வரி இழுப்பதையும் மாரப்பன் பார்த்துக்கொண்டார்.

மதியம் அறுக்க வேண்டும். சரியான பதம் என்று ஒன்று உண்டு. முந்தினால் ஓரம் பிய்யும், பிந்தினால் கான்கிரீட் தானாகவே வெடித்துக்கொள்ளும். நகத்தால் கீறிப் பார்த்தேன், பதம் வந்துவிட்டது. மாரப்பன் வாட்சைப் பார்த்தார். "ராகு காலம் போகட்டுங் மேடம், மொத வெட்டு அதுல வேண்டாம்."

"சிமெண்டுக்குப் பஞ்சாங்கம் தெரியாது மாரப்பன்."

முனகிக்கொண்டே இயந்திரத்தை முடுக்கினார். உடனே தெருவே கூடிவிட்டது. காலையில் போட்ட ரோட்டை மதியம் அறுக்கிறார்களே என்று ஒரே கூச்சல். தெய்வானை அக்காதான் முன்னால் நின்றார். "ஐயோ, புதுசை ஏனுங் இப்படிக் கூறு போடறீங்?"

அவரிடம் சொன்னேன். கான்கிரீட் காயும்போது சுருங்கும். கீழே தார் பிடித்துக்கொண்டிருப்பதால் அது இஷ்டத்துக்குச் சுருங்க முடியாது, அதனால் வெடிக்கும். வெடிக்காதே என்று சொல்ல யாராலும் முடியாது. எங்கே வெடிக்க வேண்டும் என்று கோடு போட்டுக் காட்டலாம். அந்தக் கோட்டுக்கு அடியில், கண்ணுக்குத் தெரியாமல் வெடித்துக்கொள்ளும்.

"அப்ப அதுக்கு ஒரு எடம் குடுத்துரோணும்ங்கறீங்."

"அதேதான்."

"எடம் குடுக்காட்டி?"

"அதுவே எடுத்துக்கும்."

அக்கா ரொம்ப நேரம் ரோட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். இவ்வளவு ஆர்வமாகக் கேட்ட மாணவர்கள் எனக்குக் கல்லூரியில் பாடம் எடுத்தபோதுகூட அமையவில்லை.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

ஈரச் சாக்கு விரித்துத் தண்ணீர் ஊற்றுகிறோம். தெய்வானை அக்கா தன் வீட்டு முன்னால் சாக்கை இரட்டையாக விரித்து, எங்கள் ஆட்களைவிட அதிகமாகக் குடம் குடமாக ஊற்றுகிறார். நான் சாக்கைத் தூக்கிப் பார்க்கப் போனால், "நானே பாத்துக்கறனுங், நீங்க போங்" என்கிறார்.

நாகர்கோவிலில் தங்கைக்கு இன்று வளைகாப்பு. அம்மா நேற்று போன் செய்தாள். "நின்னை வரண்டாம்னு நான் சொல்லேல்ல மக்களே. வந்தா, வளையல் போடுத நேரம் மட்டும் கொஞ்சம் அகத்தெ இருந்துக்கோ. ஆளுக என்னமாவது சொல்லும்." சைட்டில் வேலை இருக்கிறது, வர முடியாது என்றேன். ஞாயிற்றுக்கிழமை சைட்டில் தண்ணீர் ஊற்றுவதைத் தவிர ஒரு வேலையும் இல்லை.

ரோட்டின் கடைசி முனையில் உட்கார்ந்து வெட்டுக்களை டார்ச் அடித்துப் பார்த்தேன். பக்கவாட்டில், வெட்டின் அடியிலிருந்து தார் வரைக்கும் தலைமுடி போல ஒரு கோடு இறங்கியிருந்தது. சொன்ன இடத்தில் வெடித்திருக்கிறது! ரோட்டில் விரிசலைப் பார்த்துச் சந்தோஷப்பட்ட ஒரே ஆள் இந்தத் தாலுகாவில் நானாகத்தான் இருப்பேன். யாரிடமாவது சொல்ல வேண்டும் போல இருந்தது. இங்கே எழுதுகிறேன்.

செப்டம்பர் 2, செவ்வாய்

கெட்ட செய்தி. சாக்குகளை எடுத்தோம். தெரு முழுக்கச் சுத்தமாக இருக்கிறது, தெய்வானை அக்கா வீட்டு முன்னால் மட்டும் ஒரு சதுரத்தில் விரிசல். அறுத்த கோட்டில் இல்லை. சதுரத்துக்குள்ளே ஏதோ ஒரு புள்ளியில் கிளம்பி, ஒரு கிளை ஓரத்துக்கும் இன்னொன்று எதிர்ப்பக்க வெட்டுக்கும் ஓடுகிறது.

பயத்தைவிட முதலில் வந்தது ஆச்சரியம்தான், அதை மறைப்பானேன். சுருக்க விரிசலுக்கு ஒரு குணம் உண்டு, நடுவே குறுக்காகப் போகும். கீழேயிருந்து வருவது பழைய வெடிப்பின் வழியில் போகும், அந்த இடத்தில் பழைய வெடிப்பே கிடையாது, என் சாக்கட்டிக் குறி சாட்சி. இது ஒரு புள்ளியில் பிறந்திருக்கிறது. சாக்கடை மூடியைச் சுற்றித்தான் இப்படி வரும். அங்கே சாக்கடை மூடி இல்லை.

சுத்தியலால் தட்டினேன். டக், டக், டக், பிறகு ஒரே இடத்தில் டொப். உள்ளே பொள்ளல். மெல்லத் தட்டியதும் மேலே இருந்த மெல்லிய ஏடு உடைந்தது. அடியில் ஒரு பிளாஸ்டிக் குழாய். தாரையும் துளைத்துக்கொண்டு மண் வரைக்கும் போகிறது. வாய்க்குள் சாக்குத் துணி அடைத்திருந்தது. துணியை உருவினேன். வெள்ளையாக உதிர்ந்தது. ராகி மாவு வாசனை.

யார் வைத்தது என்று இங்கே எழுதப் போவதில்லை.

மாரப்பனைக் கேட்டேன். "பைப்பா? பாத்தனுங். நீங்க தண்ணி போறதுக்கு வெக்கச் சொன்னதுன்னு நெனச்சேன். வாயில கல்லு உழுகாம நாந்தான் மேல பூசி உட்டேன்" என்றார். பெருமையாகச் சொன்னார். நான் சொல்லி வைத்தது என்று அவர் நினைத்திருக்கிறார். அவர் பார்த்துக்கொள்கிறார் என்று நான் நினைத்திருக்கிறேன்.

பிறகு குரலைத் தணித்து, "சிமெண்ட் பால் தடவி உட்டா ஒருத்தருக்கும் தெரியாதுங்" என்றார். தெரியும். ஒரு நல்ல வெயில் அடித்தால் போதும், மறுபடி வாயைத் திறக்கும். சோதனைக்குச் செயற்பொறியாளர் இருபத்தொன்பதாம் தேதி வருகிறார். அவர் கண்ணில் பட்டால் ஒரு கோட் தார். நாலு விரல் இறங்கிய ரோடு மறுபடி ஏறிவிடும். அந்த வீட்டுக்குள் மழை வரும். நாச்சிமுத்து சொன்னதுபோல நடந்துவிடும்.

செப்டம்பர் 3, புதன்

அக்கா தானே மாடிக்கு ஏறி வந்தார். கையில் தட்டு, தட்டில் சந்தகை, எங்கள் ஊர் இடியாப்பம் மாதிரி. வைத்துவிட்டு நின்றார். நான் துணியை மேசை மேல் வைத்திருந்தேன். அதைப் பார்த்தார்.

"அது எங்க மில்லு சாக்குங்."

"தெரியும்க்கா."

"நோம்பியன்னைக்கு உங்களைக் கோயிலுக்கு அனுப்பிச்சுட்டு நாந்தான் குத்துனேன். காலு நட." கொஞ்சம் நிறுத்தினார். "ஊட்டு முன்னால ஒரு சாண் மண்ணு இல்லீங். பூரா ரோடு. நீங்க கான்கிரீட்டு போட்டுட்டா அப்பறம் கடப்பாரை எறங்காதுன்னு மேஸ்திரி பேசிட்டிருந்தாரு. சரி, அதுக்கு முன்னாலயே ஒரு ஓட்டை உட்டுரலாம்னு..."

"தகர டப்பாவுல மண்ணைப் போட்டு நடறாங்களே எல்லாரும்?"

அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "டப்பாவுல நட்டா அதும் பேரு காலுங்ளா? குடை மாதிரி தூக்கி எங்க வேணா வெக்கலாம். நாச்சிமுத்து ஊட்டுக்கும் தூக்கிட்டுப் போலாம். மண்ணுல எறங்கோணும்ங். எறங்கிட்டா அப்பறம் யாராலயும் மாத்த முடியாது, கண்ணாலம் இந்த ஊட்டுதுதான்."

ஒரு குழாயை நட்டு ஒரு கல்யாணத்தைப் பிடித்து வைக்கப் பார்த்திருக்கிறார். அந்தக் குழாயே ரோட்டை உடைத்து, ரோடு கல்யாணத்தைக் கெடுக்கப்போகிறது. அவர் அழவில்லை. "என்னால உங்க வேலைக்குக் கேடு வருதுங்ளா?" என்று மட்டும் கேட்டார்.

அந்தச் சந்தகையைக் கஷ்டப்பட்டுத்தான் சாப்பிட்டேன்.

செப்டம்பர் 4, வியாழன்

தூங்கி எழுந்ததும் விஷயம் எளிதாகத் தெரிந்தது. தப்பு குழியில் இல்லை. குழியைக் கான்கிரீட்டுக்குச் சொல்லாமல் வைத்ததில்தான். சாக்கடை மூடிக்கு நாங்கள் என்ன செய்கிறோம்? மூடியைச் சுற்றிச் சதுரமாக இடைவெளி விட்டு, மெத்தென்ற பலகையை வைத்துப் பிரித்து, நாலு பக்கமும் வெட்டுக்கோட்டோடு சேர்த்து விடுகிறோம். அப்போது வெடிப்பதற்கு வேலையே இல்லை. சாக்கடைக்குச் செய்யும் மரியாதையைக் கல்யாணக் காலுக்குச் செய்தால் என்ன?

சின்னச் சதுரங்களாக அறுத்ததில் ஒரு லாபம். கெட்டுப்போன ஒரு சதுரத்தை மட்டும் எடுத்துவிட்டுப் புதிதாகப் போடலாம், பக்கத்துச் சதுரத்துக்குத் தெரியாது.

செயற்பொறியாளருக்குப் போன் செய்தேன். ஒரு சதுரம் விரிசல், மாற்றிப் போடுகிறேன் என்றேன். காரணம் என்னம்மா என்றார். அடியில் ஒரு குழாய் இருந்தது, என் பார்வைக்குத் தப்பிவிட்டது என்றேன். அது பொய் இல்லை.

"மாத்திப் போடுங்க. ஆனா நான் வர்றப்ப இன்னொரு விரிசல் பாத்தேன்னா பேச்சே கிடையாது. தார்தான்."

செப்டம்பர் 6, சனி

அக்காவிடம், முகூர்த்தக்கால் எவ்வளவு தடிமன் இருக்கும் என்று கேட்டேன். விரலால் வட்டம் காட்டினார், அது ஒவ்வொரு தடவையும் வேறு அளவாக வந்தது. கடைசியில் உள்ளே போய் உலக்கையைத் தூக்கிவந்து என் முன்னால் நிறுத்தினார். "இத்தச்சோடு." உலக்கைக்கு டேப் வைத்து அளந்து படம் வரைந்தேன். தாரணி வாசலில் நின்று சிரித்தாள். "இஞ்சினியர் அக்கா, உங்க படிப்புல ஒலக்கைக்கு எல்லாம் பாடம் இருக்குதுங்ளா?"

பட்டறையில் இரும்புக் குழாய் ஒன்றும், வளையம் வைத்த மூடி ஒன்றும் செய்யக் கொடுத்தேன்.

செப்டம்பர் 8, திங்கள்

சதுரத்தை எடுத்தோம். அடித் தாரைச் சுத்தம் செய்து, இரும்புக் குழாயை மண்ணில் இறக்கி, சுற்றிலும் பலகை வைத்து, குழியின் நாலு பக்கத்திலிருந்தும் கோடு வெட்டுக்கோடு வரை போகும்படி குறித்துக் கொட்டினோம். அறுக்கும் பதம் வந்தபோது மாரப்பன் வாட்சைப் பார்க்கவே இல்லை. எனக்கே வருத்தமாக இருந்தது.

செப்டம்பர் 15, திங்கள்

விரிசல் இல்லை.

செப்டம்பர் 19, வெள்ளி

விரிசல் இல்லை. தினமும் மூன்று தடவை போய்ப் பார்க்கிறேன். நான் போகும்போதெல்லாம் அக்காவும் வந்து பக்கத்தில் நிற்கிறார். இரண்டு பேரும் குனிந்து தரையைப் பார்த்துக்கொண்டு நிற்பதைக் கண்டு, ஏதாவது தொலைந்துவிட்டதா என்று ஒருவர் வண்டியை நிறுத்திக் கேட்டார்.

நின்றபடியே அக்கா தன் வீட்டுக்காரரைப் பற்றிச் சொன்னார். மில்லுக்கு மோட்டார் வாங்கிய அன்று ராத்திரி முழுக்க அதன் பக்கத்திலேயே படுத்திருந்தாராம். பிறகு என்னைப் பார்த்தார். எனக்கும் ஏதோ சொல்ல வாய் வந்தது. என் வீட்டுக்காரர், பைக், மழை, வில்லுக்குறி வளைவு. சொல்லவில்லை. அக்கா என் தோளில் கையை வைத்தார். மாவுக் கை, சட்டையில் அச்சு விழுந்துவிட்டது.

செப்டம்பர் 29, திங்கள்

செயற்பொறியாளர் வந்தார். குடையைத் தரையில் ஊன்றி ஊன்றி ஒவ்வொரு சதுரமாக நடந்தார். நாங்கள் பின்னாலேயே போனோம். தெய்வானை அக்கா மில்லை நிறுத்திவிட்டு வாசலில் நின்றார். படி இப்போது ஒன்றுதான், அதுவும் சின்னது. அவர் கை புடவைத் தலைப்பைச் சுருட்டிக்கொண்டே இருந்தது.

இரும்பு மூடி வந்ததும் செயற்பொறியாளர் நின்றார். "இது என்னம்மா? ட்ராயிங்ல இல்லையே?"

எனக்குச் சுற்றி வளைத்துப் பேச வராது. "பந்தக்கால் குழி சார்."

"என்னது?"

"இந்த வீட்டுல கல்யாணம். கால் மண்ணுல இறங்கணும். நாம இடம் விடலேன்னா அவங்க கடப்பாரையால எடுத்துக்குவாங்க. இதுக்கு முன்னாடி எல்லாத் தெருவுலயும் அப்படித்தான் எடுத்திருக்காங்க, தார்ல இருந்த ஓட்டையெல்லாம் நான் பார்த்தேன். ரோடு அங்கிருந்துதான் உடையுது."

அவர் குனிந்தார். வளையத்தைப் பிடித்து மூடியைத் தூக்கினார். உள்ளே எட்டிப் பார்த்தார். சுற்றிலும் விரலை ஓட்டினார். விரிசல் இருக்கிறதா என்று தேடிய விரல் அது. மூடியை வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

"என் பொண்ணு கல்யாணத்துக்குத் தகர டப்பாவுலதான் நட்டோம்" என்றார். கொஞ்ச தூரம் நடந்தார். திரும்பி வந்தார். "அடுத்த தெரு எஸ்டிமேட்ல வீட்டுக்கு ஒண்ணு சேர்த்துடும்மா."

ரோடு தேறியது. அக்கா உள்ளே போய் மில்லை ஓட விட்டார்.

அக்டோபர் 16, வியாழன்

நல்ல மழை. மாடியிலிருந்து பார்த்தேன். தண்ணீர் அந்த வாசலைத் தாண்டிக்கொண்டு எதிர்ப்பக்க வடிகாலுக்குப் போயிற்று. தாரணி வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து அதை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாள்.

நவம்பர் 5, புதன்

முகூர்த்தக்கால் இன்று காலை. நான் கூட்டத்தின் பின்னால் நின்றேன். அது எனக்குப் பழக்கமான இடம்.

நாச்சிமுத்துதான் எல்லாம் நடத்தினார். ரோட்டைக் காலால் தட்டிப் பார்த்து, "கல்லு மாதிரி இருக்குது. இதுல எங்க நங்கையா நடறது?" என்றார். அக்கா போய் மூடியைத் தூக்கினார். மனுஷர் குனிந்து குழிக்குள் பார்த்தார், அடியில் ஈர மண். சொன்ன சொல்லுக்கு அதன்பிறகு அவர் மாறவில்லை, அதைச் சொல்லியாக வேண்டும்.

பால் மரக் கொம்புக்கு மஞ்சள் பூசி மாவிலை கட்டினார்கள். நாச்சிமுத்து வழக்கமான குரலில், "கட்டுக்கழுத்திங்க அஞ்சு பேரு முன்னால வாங்" என்று கூப்பிட்டார். சுமங்கலிப் பெண்கள் முன்னால் வந்தார்கள். மூடியைக் கையில் வைத்துக்கொண்டிருந்த தெய்வானை அக்கா, யாரும் சொல்லாமலே பின்னால் நகர்ந்தார். நகர்ந்து நகர்ந்து என் பக்கத்தில் வந்து நின்றார். மழையோடு, கொழுந்தனாரோடு, கான்கிரீட்டோடு மல்லுக்கட்டியவர், இதற்கு மட்டும் ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்கு ஆத்திரமாக வந்தது. நானும்தான் பேசவில்லை.

பேசியது தாரணி. மணைப் பலகையிலிருந்து எழுந்து நின்றாள்.

"சித்தப்பா, அந்தக் குழிய வெச்சது யாருன்னு தெரியுமுங்ளா?"

"இஞ்சினியர் அம்மிணி."

"அதுக்கு முன்னாடி வெச்சது எங்கம்மா. நோம்பியன்னைக்குக் கடப்பாரையெடுத்துத் தனியாக் குத்துனாங்க. கையெல்லாம் கொப்பளம். குழி வெக்கறதுக்கு மட்டும் ஆவாங்க, காலு நடறதுக்கு ஆவ மாட்டாங்ளா? அம்மா நடாம நான் இந்தப் பலகையில ஒக்கார மாட்டேன்."

மாரப்பன் என்னைப் பார்த்தார், நான் ரோட்டைப் பார்த்தேன். நாச்சிமுத்து மீசையைத் தடவினார், குழியைப் பார்த்தார், எழுந்து நிற்கும் பெண்ணைப் பார்த்தார். "நேரம் போகுது. வாங் நங்கையா" என்றார். குரல் கரகரத்தது. அவருக்கும் அது அண்ணன் வீடுதானே.

அக்கா போனார். இரண்டடி போய்விட்டுத் திரும்பி, என் மணிக்கட்டைப் பிடித்தார். என்னைப் பற்றி நான் அவரிடம் ஒன்றும் சொன்னதில்லை. சொல்லாமலே தெரிந்திருக்கிறது.

"நான் வேண்டாம்க்கா" என்றேன்.

"கோணாம நிக்கோணும்ங். அது உங்க வேலை. வந்து புடிங்."

ஐந்து பெண்களோடு நாங்கள் இரண்டு பேர். அக்கா முகூர்த்தக்காலைக் குழியில் இறக்கினார். நவதானியம் போட்டு, பால் ஊற்றி, சுற்றிலும் மண்ணைத் தள்ளி மிதித்தார்கள். நான் கீழே ஒரு கையும் மேலே ஒரு கையுமாகப் பிடித்துக்கொண்டேன். மஞ்சள் ஈரம் உள்ளங்கையில் ஒட்டியது. ஒரு கண்ணை மூடி மில் சுவரின் மூலையோடு ஒத்துப் பார்த்தேன். நேராக இருந்தது.

"உடுங் அம்மிணி, அதாவே நிக்குது" என்றார் மாரப்பன்.

நின்றது. நான்தான் கொஞ்ச நேரம் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தேன்.